முதற்பகுதியை விட்டுவிட்டு வாசிக்கலாமா?

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஆளுநராகவும் பின்னர் முதலமைச்சராகவும் இருந்தவர் குலாம் முஸ்தபா கர். சுல்பிகார் அலி பூட்டோவின் நெருங்கிய சகா. ஆதரவாளர்கள் அவரைப் பஞ்சாபின் சிங்கம் என்று அழைத்தார்கள். அவரோடு தனக்கு ஏற்பட்ட உறவையும், பிறகு அவருடைய மனைவியாகப் பட்ட பாட்டையும் தெஹ்மினா துர்ரானி ஆங்கிலத்தில் எழுதி 1991இல் வெளியிட்டார். 'மை பியூடல் லோர்ட்' என்பது புத்தகத்தின் பெயர். என் நிலப்பிரபு என்று தமிழில் சொல்லலாம். அந்த 'என்' என்ற சொல்லில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்பது புத்தகத்தை முடித்த பிறகுதான் விளங்கும்.

கொழும்பில் வேலை செய்யும் என் காக்கா, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையொன்றில் இதை வாங்கி அனுப்பியிருந்தார். ஆங்கிலம் பழகுவதற்கு நல்லது என்பது அவருடைய எண்ணம். அட்டையில் முஸ்லிம் பெண்ணின் பெயர் இருந்ததால் ஏதோ மார்க்க விடயம் என்றும் நினைத்திருக்கலாம். இன்றுவரை அவர் அதை வாசிக்கவில்லை. வாசிக்கும்படி நானும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது புத்தகத்தைப் பற்றி மட்டுமல்ல. அதைக் கேட்டவர்களைப் பற்றியும்தான். வாசித்தவள் நான் ஒருத்தி. கேட்டவர்கள் ஐந்து பேர்.

எங்கள் வீடு உள்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. மாரி தொடங்கினால் வெளிக்கடல் ஆடும், உள்துறைமுகம் மட்டும் குளம் போலக் கிடக்கும். கடந்த மாரியில் மூதூரிலிருந்து வந்த சாச்சி, கொட்டியாரக்குடாவில் காற்று என்று படகு ஓடாததால் எங்களோடு தங்கிவிட்டா. (பாலங்கள் வந்த பிறகு கிண்ணியாவைச் சுற்றி பஸ்ஸில் போகலாம்தான். சாச்சிக்கு பஸ்ஸில் தலை சுற்றும்.) உம்மா, உம்மம்மா, ராத்தா, பக்கத்து வீட்டு மச்சி, சாச்சி ஆகிய ஐந்து பேரும் பின்னேரங்களில் குசினிக்குள் இருந்து இறாலுக்குக் கோது கழற்றுவார்கள். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதல்நாள் வாசித்ததைத் தமிழில் சொல்வேன். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொல்லும்போதுதான் எனக்கு உண்மையில் விளங்கியதா இல்லையா என்பது தெரியும். அதற்காகத்தான் சொல்லத் தொடங்கினேன்.

முதல் முட்டுக்கட்டை ஒரு சொல்லால் வந்தது. கணவனும் மனைவியும் அல்லாத இருவருக்கிடையிலான உறவைக் குறிக்க நம்முடைய பத்திரிகைகளில் இருக்கும் சொல் 'கள்ளத்தொடர்பு.' அதைச் சொன்னால் உம்மா எழுந்து போய்விடுவா. 'காதல்' என்றால் படம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் 'பழக்கம்' என்றேன்.

"பழக்கமென்டா?"

"அவரும் கலியாணம் முடிச்சவர், இவவும் முடிச்சவ. அப்பதான் ரெண்டு பேரும் பழகினாங்களாம்."

உம்மா இறால் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, "நிப்பாட்டு" என்றா. "இதையெல்லாம் ஒரு முஸ்லிம் பொம்புள எழுதி, அத இன்னொரு முஸ்லிம் புள்ள வாசிச்சுக் காட்டுறாளாம்."

மச்சி கேட்டது வேறு. "அவன் ஆரு, மந்திரியா?" முதலமைச்சராக இருந்தவர் என்றேன். "அப்ப அவவால இல்ல. அவனுக்கு ஆருதான் ஏலாதென்டு சொல்லுவா?"

உம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கு எத்தின வயசு?" என்றா. பதினேழு வயதில் முதற் கலியாணம், கரைச் சந்தித்தது இருபதுகளின் தொடக்கத்தில் என்றேன். உம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வயதில் கலியாணம் முடித்தவ அவ.

மூன்று பேர், மூன்று கேள்வி. ஒருவர் பாவத்தைப் பார்த்தா, ஒருவர் அதிகாரத்தை, ஒருவர் வயதை. புத்தகத்தில் இருந்தது ஒரே சம்பவம். துர்ரானி சிறிய குடும்பத்துப் பெண் அல்ல. தந்தை பாகிஸ்தான் அரச வங்கியின் ஆளுநராக இருந்தவர். மகள் மரீ மலையிலுள்ள கன்னியாஸ்திரிகள் பாடசாலையில் படித்தவர். ஆதலால் மச்சி சொன்னதுபோல அதிகாரத்துக்குப் பயந்து போனார் என்று முழுவதும் சொல்லிவிட முடியாது. அதிகாரத்தின் பகட்டு அவரை இழுத்தது. அதை அவரே மறைக்கவில்லை.

இரண்டு நாள் புத்தகம் மூடிக் கிடந்தது. மூன்றாம் நாள் உம்மாவே, என்னைப் பார்க்காமல், "புறகு என்ன நடந்தது?" என்றா.

பிறகு நடந்தது அடி. கலியாணம் முடிந்ததும் அடிக்கத் தொடங்கினார் என்று எழுதுகிறார். யாரோடு கதைத்தாய், ஏன் சிரித்தாய், ஏன் பதில் சொன்னாய், ஏன் சொல்லவில்லை என்று காரணங்கள். 1977இல் ஜெனரல் ஸியாவுல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு லண்டனில் தஞ்சம். அங்கே, தன் கூடப்பிறந்த தங்கையோடு கணவருக்குத் தொடர்பு என்று எழுதுகிறார். 1986இல் கர் நாடு திரும்பியதும் கைதாகிறார். இவ்வளவு அடி வாங்கிய மனைவிதான் அவரை விடுவிக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறார், தலைவர்களைச் சந்திக்கிறார், பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்கிறார். கணவர் சிறைக்குள் இருந்த அந்த நாட்களில்தான் அவருக்குத் தன் குரல் எப்படியிருக்கும் என்று தெரிந்தது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. 1988இல் கர் வெளியே வந்தார். பழைய வாழ்க்கை திரும்பி வந்தது. கடைசியில் ஜீவனாம்சத்தையும் பிள்ளைகளையும் விட்டுக்கொடுத்துத்தான் தெஹ்மினா விவாகரத்துப் பெற்றார்.

இந்தப் பகுதிகளுக்குக் குசினியில் எதிர்ப்பே இல்லை. உம்மா அழுதா. மச்சி, கரை எந்தெந்த விதமாக வெட்டிப் போடலாம் என்று சொல்லிக்கொண்டே இறால் உரித்தா. ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: ஏன் விட்டுட்டுப் போகல்ல? அதற்கு உம்மம்மாதான் பதில் சொன்னா. "எங்க போற? அவனுக்காகத்தானே புருசனையும் உட்டு, உம்மா வாப்பாட மானத்தையும் உட்டுட்டு வந்தவ. திரும்பிப் போனா, நாங்க அப்பவே சொன்னோமே என்டு சொல்லாத வாய் இருக்குமா?"

யோசித்துப் பாருங்கள். உம்மம்மாவின் அந்தப் பதில் முதற்பகுதியிலிருந்துதான் வருகிறது. உம்மா நிறுத்தச் சொன்ன பகுதி அது. அதைச் சொல்லாதிருந்தால் 'ஏன் போகவில்லை' என்ற கேள்விக்குப் பதிலே கிடைத்திருக்காது.

ராத்தா ஆசிரியை. எதையும் திருத்திக் கொடுக்கும் பழக்கம் உள்ளவ. புத்தகம் முடிந்த அன்று அவ ஒரு யோசனை சொன்னா. "முதற்பகுதிய எழுதாம உட்டிருந்தா இது நல்ல புத்தகம். கலியாணத்தில இருந்து தொடங்கியிருக்கலாம். அப்ப ஒருத்தரும் அவவில குறை சொல்ல ஏலாது. உம்மாவும் நிப்பாட்டச் சொல்லியிருக்க மாட்டா."

சரியாகத்தான் பட்டது. பாதிக்கப்பட்ட ஒரு பெண் ஏன் எதிராளியின் கையில் கத்தியைக் கொடுக்க வேண்டும்? அன்றிரவு நித்திரை வரவில்லை. கல்லூரி தொடங்கியதும் என் தோழி ஒருத்தியிடம் கதையையும் ராத்தாவின் யோசனையையும் சொன்னேன். அவள் மார்க்கக் கல்வியில் என்னைவிட ஆழமானவள். ராத்தாவைவிட ஒரு படி மேலே போனாள். தன் பாவத்தை அல்லாஹ் இரவில் மறைத்து வைக்க, விடிந்ததும் தானே அதைப் பலருக்கும் சொல்லித் திரிபவரைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டினாள். பிறருடைய குறையை மறைப்பவருக்கு அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்பதையும் சொன்னாள். அப்படியென்றால் துர்ரானி இரண்டு தடவை பிழை செய்தவர். தன் குறையையும் வெளியிட்டார், கணவரின் குறையையும் வெளியிட்டார்.

இரண்டாவதற்கு என்னிடம் பதில் இருந்தது. தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்பவில்லை என்று சொல்லும் ஸூரத்துந் நிஸாவின் 148ஆம் வசனமே, அநியாயம் இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்கும் கொடுக்கிறது. கணவன் செய்ததைச் சொல்ல வந்த ஒரு பெண்ணின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது: 58ஆவது ஸூரா, அல் முஜாதலா, தர்க்கித்தவள். கவ்லா பின்த் ஸஃலபாவைக் கணவர், நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லி ஒதுக்கிவைத்தார். அக்காலத்து அரபுகளிடம் இருந்த வழக்கம் அது. மனைவியாகவும் வைத்துக்கொள்ளாமல், வேறு வாழ்வுக்கும் விடாமல் தொங்கவிடும் வழக்கம். கவ்லா அதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார், தர்க்கித்தார். அவருடைய முறையீடு கேட்கப்பட்டது. அந்த வழக்கமும் கண்டிக்கப்பட்டது.

தோழி இதை ஏற்றுக்கொண்டாள். "அது அநியாயத்தைச் சொன்னது. முதற்பகுதி அநியாயமில்லையே, அவட பாவம்தானே?" என்றாள்.

இதற்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருமைக்குச் சொல்வதும் சாட்சிக்குச் சொல்வதும் ஒன்றா? முதற்பகுதியில் துர்ரானி தன்னைத் தூக்கிப் பிடிக்கவில்லை. முதற் கணவர் நல்ல மனிதர், அவருக்குத் தான் செய்தது துரோகம், கரின் வீட்டில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார், அவருடைய இடத்தில்தான் தான் போய் அமர்ந்தேன் என்பதெல்லாம் வாசிப்பவருக்குத் தெரியும்படி எழுதியிருக்கிறார். தனக்காக வழக்காடப் பொய் சொல்லும் ஒருவர் முதலில் மறைப்பது இதைத்தான். அதை மறைக்காததால் நான் மற்றதையும் நம்பினேன். உம்மாவை எழுந்துபோக வைத்த பக்கங்கள்தான் என்னை இருந்து வாசிக்க வைத்தன.

பாகிஸ்தானில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் எங்கள் குசினி எவ்வளவோ மேல். துர்ரானியின் பெற்ற குடும்பம் அவரை ஒதுக்கிவைத்தது. வீட்டு விடயத்தை வீதிக்குக் கொண்டுவந்தவர் என்ற பேச்சு எழுந்தது. கர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். அது அவருடைய உரிமை. ஆனால் முதற்பகுதியை எழுதியதில் அவமானத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருந்தது. ஸியாவுல் ஹக் ஆட்சியில் 1979இல் வந்த ஹுதூத் கட்டளைச் சட்டங்களின்படி, கலியாணத்துக்கு வெளியேயான உறவு அரசு தண்டிக்கும் குற்றம். துர்ரானி எழுதிய உறவு அந்தச் சட்டத்துக்கு முந்தியது. என்றாலும் அவர் எழுதிய ஆண்டில் அந்தச் சட்டம் அமுலில் இருந்தது. 1983இல் அதே சட்டத்தின் கீழ், பார்வையற்ற ஓர் இளம்பெண் தன்னை வல்லுறவு செய்தார்கள் என்று சொன்னபோது, அவள் கருவுற்றிருந்ததையே அவளுக்கெதிரான சான்றாக எடுத்துக் கீழ்நீதிமன்றம் அவளைத் தண்டித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு மேலே அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. வல்லுறவு வழக்குகளை அந்தச் சட்டத்திலிருந்து பிரித்தெடுக்க 2006 வரை செல்ல வேண்டியிருந்தது. பெண் வாய் திறந்தால் அவளுடைய வாக்குமூலமே அவளுக்கு எதிராகத் திரும்பக்கூடிய அப்படியொரு நாட்டில், ஓர் அரசியல்வாதியோடு தனக்கிருந்த உறவை ஒரு பெண் தன் பெயரோடு அச்சில் போட்டார்.

அந்த அரசியல்வாதிக்கு என்ன ஆனது? 1993இல் பேநசீர் பூட்டோ மீண்டும் பிரதமரானபோது, முஸ்தபா கர் நீர், மின்வலு அமைச்சரானார். புத்தகம் வந்து இரண்டே வருடம். பிரதமர் ஒரு பெண். இதைச் சொன்னபோது குசினியில் யாருமே ஆச்சரியப்படவில்லை. "அதானே" என்றா மச்சி. அந்த 'அதானே' எனக்குப் பெரிய கவலையைத் தந்தது. புத்தகத்தை வாசித்தவர்கள் அவளிடம் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை வாக்குச்சீட்டில் கேட்டிருக்கலாம், அமைச்சரவையில் கேட்டிருக்கலாம். எங்கும் கேட்கப்படவில்லை.

வெளிநாட்டு வாசகர்கள் வேறு வழியில் போனார்கள். மேற்கில் வந்த பதிப்பு வில்லியம் ஹொஃபர், மரிலின் ஹொஃபர் என்ற இருவரோடு சேர்ந்து எழுதப்பட்டது. இந்த வில்லியம் ஹொஃபர்தான், ஈரானியக் கணவரிடமிருந்து மகளோடு தப்பி வந்த அமெரிக்கப் பெண் பெட்டி மஹ்மூதியின் புகழ்பெற்ற புத்தகத்தையும் (1987) அவரோடு சேர்ந்து எழுதியவர். இது தெரிந்ததும் எனக்குச் சில விடயங்கள் விளங்கின. முஸ்லிம் கணவன், அழும் மனைவி, மூடிய கதவு என்று மேற்கில் விற்பனையாகும் ஒரு கதைவடிவம் ஏற்கெனவே இருந்தது. அதற்குள் துர்ரானியையும் வைத்து வாசித்தார்கள். அவர் சொல்ல வந்ததோ நிலவுடைமைக்காரரின் ஆட்சியைப் பற்றி, மார்க்கத்தின் பெயரைச் சொல்லி மார்க்கத்துக்கு மாறாக நடப்பவர்களைப் பற்றி. தலைப்பிலேயே அது இருக்கிறது. அங்கேயும் முதற்பகுதி மறக்கப்பட்டது, வேறு காரணத்துக்காக. வாயில்லாத பாவப்பட்ட பெண்ணாக அவர் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி. தானாக ஆசைப்பட்டு, தானாகப் பிழை செய்து, தானாக எழுந்த பெண் அந்த வடிவத்துக்குள் அடங்க மாட்டாள்.

அரசியல்வாதிகளைப் பற்றி இப்படி எழுதிய பெண்கள் வேறு நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் எட்வினா கரி, ஜோன் மேஜர் பிரதமராவதற்கு முன் 1984 முதல் 1988 வரை அவரோடு தனக்கிருந்த உறவைத் தன் நாட்குறிப்புகளில் 2002இல் வெளியிட்டார். அங்கே பலரும் சிரித்தது மேஜரைப் பார்த்து. 1993இல் பழைய ஒழுக்க விழுமியங்களுக்குத் திரும்புவோம் என்று கட்சி முழங்கியபோது அதற்குத் தலைவர் அவர்தானே. பிரான்சில் ஜனாதிபதி ஹொலாந்தோடு வாழ்ந்த வலெரி த்ரியர்வெய்லெர் 2014இல் எழுதியபோது, இந்தப் புத்தகம் இங்கே விற்கப்படாது என்று சில புத்தகக்கடைகள் எழுதி ஒட்டின. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்றது. வாசிக்க வெட்கப்பட்டு வாங்குவது எல்லா நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

நமக்கு இன்னும் கிட்டே வந்தால் கேரளத்தின் கமலா தாஸ். 1999இல் இஸ்லாத்தைத் தழுவிக் கமலா சுரையா ஆனவர். அவருடைய 'என்டெ கதா' 1972இல் மலையாளநாடு வார இதழில் தொடராக வந்தபோது, இதெல்லாம் உண்மையில் நடந்ததா என்ற கேள்விதான் எல்லார் வாயிலும். உண்மை என்றும் சொன்னார், கற்பனை கலந்தது என்றும் வேறு நேரங்களில் சொன்னார். கேட்பவர்கள் சளைக்கவில்லை. தமிழில் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஒரு நாவல். நாவலுக்குள்ளும் எந்த வீட்டு எந்தப் பெண் என்று தேடுகிற வாசகர்கள் நம்மிடம் உண்டு. ஆண்கள் எழுதினால் அனுபவம் என்போம். பெண்கள் எழுதினால் முகவரி கேட்போம்.

ராத்தாவின் யோசனைக்கு வருகிறேன். அதற்குச் சரியான பதிலைச் சொன்னது நானோ என் தோழியோ அல்ல. சாச்சி.

சாச்சி அவ்வளவு நேரமும் அதிகம் பேசவில்லை. ராத்தா முதற்பகுதியை விட்டிருக்கலாம் என்று சொன்னபோது, தலை நிமிராமல், "உட்டா பிடிச்சிருவாங்க" என்றா.

சாச்சியின் கதை வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் முழுவதும் தெரிய வந்தது. சாச்சி, பெரியவர்கள் பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, தான் விரும்பியவரைக் கலியாணம் முடித்தவ. அவர் பிறகு கை நீட்டத் தொடங்கினார். ஏழு வருடம் பொறுத்து, பஸஹ் கேட்டுக் காதி நீதிமன்றம் போனா. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி தலாக் சொல்லும் கணவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பஸஹ் கேட்கும் மனைவிதான் கணவனின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். வீட்டுக்குள் விழும் அடிக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? அதனால் அவவுடைய சொல்தான் அவவுக்கு இருந்த ஒரே பலம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், "நீங்க விரும்பி முடிச்ச கதைய எழுத வேணாம், அது உங்களுக்குக் கூடாது" என்றாராம். எழுதவில்லை. வீட்டார் பேசிச் செய்த கலியாணம் என்பதுபோல எழுதிக் கொடுத்தார்கள்.

விசாரணையில் கணவன் பக்கத்தார் முதலில் எடுத்தது அதைத்தான். சாச்சி அவருக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று ஆண்கள் மட்டும் இருந்த அந்த அறையில் கை மாறியது. இதிலேயே உண்மை சொல்லாதவ அடித்த கதையில் மட்டும் உண்மை சொல்லுவாவா என்று கேட்டார்கள். சாச்சியின் தோள்மூட்டில் இன்றும் அடையாளம் இருக்கிறது. அதைப் பார்க்க யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் காட்டவும் முடியாது. தீர்ப்புக்கு இன்னும் இரண்டரை வருடம் எடுத்தது. எந்த ஊர், எந்தக் காதியார் என்பது இங்கே வேண்டாம்.

"நான் விரும்பித்தான் முடிச்சன் என்டு முதல் நாளே நானே சொல்லியிருந்தா, அந்தக் கடிதத்துக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது" என்றா சாச்சி. ராத்தா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. உம்மா எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தா. வேறு நாளென்றால் என்னை ஊற்றச் சொல்லியிருப்பா.

துர்ரானிக்கு இது தெரிந்திருக்கிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அதுவும் அவரை விழுத்துவதற்காக எழுதியிருப்பார்கள். கடிதத்தை அவர்கள் எடுப்பதற்கு முன் தானே எடுத்து மேசையில் வைத்துவிட்டார். என் தோழிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். மறைக்கச் சொல்லும் ஹதீஸ்கள் பாவிக்கு மீள வழி விடுகின்றன. அந்த மறைவை மற்றவர்கள் அவளை மிரட்டும் ஆயுதமாக வைத்துக்கொள்ளும் இடத்தில் அவள் என்ன செய்வாள்? அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். யோசிக்கிறாள்.

ஒரு விடயத்தை விட்டுவிட்டால் ராத்தா என்னை விடமாட்டா. 2003இல் துர்ரானி மீண்டும் ஓர் அரசியல்வாதியைக் கலியாணம் முடித்தார். அவர் ஷஹ்பாஸ் ஷரீப், 2022இல் பாகிஸ்தானின் பிரதமரானவர். அவரும் கரைப்போல பஞ்சாபின் முதலமைச்சராக இருந்தவர்தான். ராத்தா இதைக் கைத்தொலைபேசியில் கண்டுபிடித்த அன்று குசினியே அதிர்ந்தது. "பாத்தியா? அவவுக்குக் கதிரைதான் வேணும்." இப்படிச் சொல்பவர் ராத்தா மட்டுமல்ல. இந்தக் கலியாணத்தைக் காட்டி 1991இன் புத்தகத்தையே பொய்யாக்கப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் செய்தி உவப்பாக இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அப்துல் சத்தார் ஈதியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவராக, ஈதியின் அனாதைப் பிள்ளைகளோடும் தொட்டில்களோடும் நின்றவராகவே என் மனதில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அது என் ஆசை. 2003இல் யாரை முடித்தார் என்பது 1980களில் விழுந்த அடியை விழாததாக்குமா? சாச்சியும் இரண்டாம் தாரமாக ஒருவரை முடித்து மூதூரில் நன்றாகத்தான் இருக்கிறா. அவரும் ஆண்தானே என்று யாரும் சாச்சியைக் கேட்கவில்லை.

உம்மா மட்டும் இன்னும் மாறவில்லை. முதற்பகுதி பாவம், பாவத்தை அச்சடிப்பது அதைவிடப் பாவம் என்பதில் அவ உறுதி. ஆனால் அன்றைக்குப் பிறகு உம்மா ஒன்றைச் செய்கிறா. சாச்சி வரும்போதெல்லாம் முன்னறையில் படுக்கை போடுகிறா. முன்பெல்லாம் சாச்சி குசினிக்குப் பக்கத்தில்தான் படுப்பா. அவவும் அதைக் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

சாச்சியின் கதையை அவவுடைய சம்மதத்தோடுதான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் பிரதியை வாசித்துக் காட்டியபோது கவனமாகக் கேட்டுவிட்டு, ஓரிடத்தில் இரண்டு வரியை வெட்டச் சொன்னா. வெட்டிவிட்டேன். எந்த இரண்டு வரி என்று ராத்தா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறா.